ஏரிக்கரை வீட்டுக்கு விறகடுப்பு வேண்டுமா?

செவ்வாப்பேட்டை தொடங்கி வேப்பம்பட்டு, திருநின்றவூர் வரைக்கும் ஏரியைப் பார்த்தபடி மனை வாங்கி வீடு கட்டுகிறவர்களுக்கு இப்போது ஒரு ஆசை வந்திருக்கிறது. பின்பக்கம் ஒரு விறகடுப்பு வேண்டும். வேலை பார்த்த காலமெல்லாம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இரண்டு அறை வாடகை வீட்டில் காஸ் அடுப்போடு காலம் தள்ளியவர்கள், பி.எஃப். பணத்தில் ஏரிக்கரையில் வீடு கட்டியதும் முதலில் கிணறு கேட்கிறார்கள், அடுத்து மாமரம், மூன்றாவதாக விறகடுப்பு. மண்சட்டியில் மீன் குழம்பு, பொங்கலுக்கு வெண்கலப் பானை, மார்கழியில் அண்டா நிறைய வெந்நீர். ஆசை நியாயமானதுதான். (மனை பட்டா நிலமா, ஏரிப் புறம்போக்கா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. வீடே நிற்காவிட்டால் அடுப்பைப் பற்றிப் பேசி என்ன?)

என் வீட்டில் ஒரு விறகடுப்பு இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பாய்லர் பகுதியில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் அதைக் கொஞ்சம் யோசித்துக் கட்டினேன். அதனால் வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதிலை இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுங்கள். ஆனால் புகைபோக்கி இல்லாமல் கட்டாதீர்கள். அன்றாடச் சமையலை அதற்கு மாற்றாதீர்கள். அடுப்பை மூட்டப்போவது யார் என்று வீட்டுக்குள் பேசி முடிக்கும் வரைக்கும் செங்கல் இறக்காதீர்கள்.

மூன்றாவது நிபந்தனைக்குச் சிரிப்பவர்கள் ஆண்கள். அதைச் சிரித்துத் தள்ள என்னால் முடியாது. காரணம் என் அக்கா.

அக்கா பெரியபாளையம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். 19 வயதில் போய் அந்த வீட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தவள், 35 வருடம் எழுந்திருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். தாழ்வான ஓலைக் கூரை, கையகல ஜன்னல், சுவரெல்லாம் கரி. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த காஸ் அடுப்பு அவள் வீட்டுக்கும் வந்தது. அதைத் துடைத்து மேடைமேல் வைத்தாள். விருந்தாளி வந்தால் டீ போட மட்டும் அது. சிலிண்டர் தீர்ந்தால் மறுபடி வாங்கக் காசு யார் தருவது? சோறும் குழம்பும் விறகிலேயே தொடர்ந்தன. 60 வயதில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். குழாயில் ஊதச் சொன்னார்கள். முடிவைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்து, "பீடி, சுருட்டு பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படின்னா எத்தனை வருஷம் விறகடுப்பு?" என்று அடுத்து கேட்டார். பதிலைக் கேட்டதும் எழுத ஆரம்பித்துவிட்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ஊருக்கெல்லாம் சோறு ஆக்குனதுக்கா தம்பி இது?"

அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. கடைசி வரைக்கும் அந்த மருந்து உறிஞ்சும் டப்பா இடுப்பிலேயே செருகியிருந்தது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டில் 4 மாவட்டங்களில் 400க்கும் மேற்பட்ட கிராமத்து வீடுகளில் கருவி வைத்து அளந்து 2002இல் வெளியிட்டார்கள். விறகு, வறட்டி எரிக்கும் வீட்டில் சமைக்கும் பெண்மணி ஒரு நாளில் சராசரியாகச் சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் கனமீட்டருக்கு 231 மைக்ரோகிராம். காஸ் போன்ற சுத்தமான எரிபொருள் உள்ள வீட்டில் 82. உலக சுகாதார நிறுவனம் இன்றைக்கு நுண்ணிய துகளுக்கு ஒரு நாளுக்குச் சொல்லும் வரம்பு 15. இரண்டும் ஒரே அளவு துகள் இல்லை என்றாலும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளப் போதும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். நாகப்பட்டினம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களையும் சேர்த்து இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்று 4 நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் 2022இல் முடிவு வந்தபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. காஸ் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். விறகுக்காரர்கள் இதைத் தூக்கிக்கொண்டு ஆடவும் வேண்டாம். குழந்தையின் எடை வேறு, 35 வருடப் புகை தின்ற நுரையீரல் வேறு.

புகையில்லா அடுப்பு என்பது நேற்று வந்த யோசனை இல்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் இருந்தது. 1940களில் அங்கே உருவானதுதான் மகன் சூலா. அடுத்து ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தின் எஸ்.பி. ராஜு, மண்ணிலேயே புகைபோக்கியோடு பல பாத்திரம் வைக்கும் அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். லட்சோப லட்சம் வீடுகளுக்குப் புகையில்லாத சமையலறை என்று அவர் எழுதிய புத்தகம் 1953இல் நம் சென்னையில்தான் அச்சானது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா குழு, மூன்று வாய் வைத்த அஸ்த்ரா ஒலெயைக் கொடுத்தது. (ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு.) 1983 கடைசியில் மத்திய அரசே தேசியத் திட்டம் போட்டு, 2002இல் நிறுத்தும் வரை நாடு முழுவதும் 3 கோடிக்கு மேல் அடுப்புகளைக் கட்டிக் கொடுத்தது.

அந்த 3 கோடி எங்கே? உங்கள் உறவுக்காரர் வீட்டில் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா? அக்கா ஊரில் இரண்டு வீட்டில் கட்டினார்கள். கட்டியவர் இலக்கு எண்ணிக்கைக்குக் கட்டிவிட்டுப் போனார். எரிவாய் சின்னது, அதற்கேற்ப விறகைப் பிளக்க வேண்டும். பிளப்பவர் யார்? ஆறு மாதத்தில் வாயை இடித்துப் பெரிதாக்கிவிட்டார்கள். புகைபோக்கிக் குழாயில் கரி அடைத்தது. ஏறித் தட்டி எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அடைத்ததும் புகை முன்பைவிட மோசமாக முகத்தில் அடித்தது. குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அடுப்பின் வடிவம் தப்பில்லை. கட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் தப்பு. நம் ஏரிக்கரை வீடுகளிலும் அதே கதைதான் நடக்கும் என்பது என் பயம், வாசலில் போர்டு மட்டும் 'பண்ணை வீடு' என்று மாறியிருக்கும்.

இனி எந்த அடுப்பு என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் மினசோட்டாவில் ஏரியோரம் வீடு வைத்திருக்கும் என் மருமகன் முறைக்காரன் ஒருவன், கண்ணாடிக் கதவு போட்ட வார்ப்பிரும்பு அடுப்பின் படத்தை அனுப்பி, "மாமா, இதே மாதிரி ஒண்ணு வாங்கிடுங்க" என்றான். அது அறையைச் சூடாக்கும் அடுப்பு. அவன் ஊரில் ஏரி உறைந்து அதன்மேல் கார் ஓடும். நம் ஊரில் தை மாதக் குளிர் என்பது ஒரு பருத்திப் போர்வை. கொடைக்கானல் ஏரியோரத்துப் பழைய பங்களாக்களில் கணப்பு இருப்பதற்கு அர்த்தம் உண்டு, செவ்வாப்பேட்டை ஏரியோரத்தில் இல்லை. சொல்லப்போனால் அந்த ஊர்களே இப்போது பயப்படுகின்றன. அமெரிக்காவில் 2020 முதல், புதிதாக விற்கும் கணப்பு அடுப்பு மணிக்கு 2 கிராமுக்கு மேல் துகள் விடக்கூடாது. இங்கிலாந்தில் 2021 முதல், சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நாம் இன்னும் 'விறகுப் புகை உடம்புக்கு நல்லது, கொசு வராது' என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது கடையில் கிடைக்கும் தகர அடுப்புகள், தூக்கிப் போகக் கூடியவை. இவற்றுக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 13152 இருக்கிறது. சாதாரண வகை, விறகின் சூட்டில் குறைந்தது 25 சதவீதமாவது பாத்திரத்துக்குள் சேர்க்க வேண்டும், சின்ன விசிறி வைத்த வகை 35 சதவீதம். அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் இரண்டு பேர் சமையலுக்குத் தோதானதுதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புகைபோக்கி கிடையாது. திறந்தவெளியில் வைத்துக்கொள்ளலாம். அண்டா தாங்காது.

மூன்றாவது கட்டும் அடுப்பு. நான் அதைத்தான் தேர்ந்தேன்.

பாய்லர்காரன் பேச்சாக இரண்டு வரி. புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு. தொழிற்சாலையில் புகைபோக்கி கறுப்பாகக் கக்கினால் ஷிஃப்டு முடிவதற்குள் எங்களுக்கு மெமோ வரும், எரிபொருள் வீணாகிறது என்று. மணிக்கு 2 டன்னுக்குக் குறைவாக நீராவி தரும் சின்ன பாய்லருக்கே புகைபோக்கி 9 மீட்டர், அல்லது பக்கத்துக் கட்டடத்தைப் போல இரண்டரை மடங்கு, இதில் எது அதிகமோ அது இருக்க வேண்டும் என்று விதி. வீட்டில் பெண்கள் முகத்துக்கு அரை அடி தூரத்தில் எரியும் அடுப்புக்கு விதி கிடையாது, அளக்க வரும் அதிகாரியும் கிடையாது.

நம் பழைய மண் அடுப்பில் இரண்டு குறை. அடியிலிருந்து காற்று போக வழியில்லை, விறகு சாம்பலில் புதைந்து மூச்சுத் திணறும், அதனால்தான் ஊதுகுழல். இரண்டாவது, கனமான சுவர். முதல் அரைமணி நேரச் சூட்டை அதுவே குடித்துவிடும். நாள் முழுக்க எரிந்த கூட்டுக் குடும்பத்து அடுப்புக்கு அது குறை இல்லை. ஒரு அண்டா வெந்நீர் போட்டு அணைக்கும் நமக்குக் குறை. 1980களில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி என்பவர் வடிவமைத்த ராக்கெட் அடுப்பு இதைத்தான் சரி செய்தது. கிடையாகச் சின்ன வாய், அங்கிருந்து நேராக மேலே ஒரு குட்டிக் குழல், அதைச் சுற்றிச் சூட்டைக் கடத்தாத பொருள். சுடர் அந்தக் குழலுக்குள்ளேயே சுழன்று எரிவதால் புகைக்கு மிச்சம் குறைவு.

நம் மாவட்டத்தில் செங்கல் சூளைக்கும் நெல்லுக்கும் பஞ்சமில்லை. சூளையில் நன்றாக வெந்த செங்கல்லால் உள்குழல், அரை அடி தள்ளி வெளிச்சுவர், நடுவே இறுக்காமல் கொட்டிய உமிச் சாம்பல். உமிச் சாம்பலைப் போலச் சூட்டைத் தடுக்கும் பொருள் காசு கொடுத்தாலும் கிடைக்காது. உள்பக்கப் பூச்சுக்கு சிமெண்ட் கூடவே கூடாது, சூட்டில் உதிர்ந்துவிடும். ஏரி வண்டல் கலந்த களிமண்ணும் மணலும் போதும். விறகு உட்கார இரும்புச் சட்டம், அதன் கீழே சாம்பல் விழவும் காற்று நுழையவும் ஒரு குழி. பாத்திரத்துக்கும் அடுப்பின் விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, அவ்வளவுதான். அதிகமானால் சூடு ஓடிவிடும், குறைந்தால் இழுவை நின்றுவிடும்.

இடத்தில்தான் மேஸ்திரிக்கும் எனக்கும் தகராறு. "அடுப்புன்னா அக்னி மூலை சார்" என்றார். என் வீட்டுக்குக் கிழக்கே ஏரி. தென்கிழக்கில் அடுப்பு வைத்தால் மத்தியானக் கடற்காற்று ஏரிமேல் தடையில்லாமல் வந்து புகையை நேராக வீட்டுக்குள் தள்ளும். ஏரிக்கரைக் காற்றின் குணம் ஊருக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. தடுக்க ஒரு சுவர் இல்லை, மரம் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும்போது ஓடுகூடத் தடதடக்கும். நான் வடமேற்கில், வீட்டை ஒட்டாமல் எட்டடி தள்ளி, மூன்று பக்கம் திறந்த ஓட்டுக் கொட்டகையில் வைத்தேன். "வாயு மூலையில அடுப்பா?" என்று மேஸ்திரி முனகினார். காஸ் அடுப்பு அக்னி மூலையிலேயே இருக்கிறது என்று சமாதானம் சொன்னேன். வாஸ்துவில் வாயு மூலைக்கும் அனுமதி உண்டு என்று என் மனைவி எடுத்துக் கொடுத்ததும்தான் கயிறு பிடித்தார்.

தரை ஈரம் இன்னொன்று. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் என் கொல்லையில் அரை அடி தோண்டினால் தண்ணீர். அடுப்பைத் தரையில் கட்டினால் ஒவ்வொரு முறையும் முதலில் தரையைக் காய வைக்க வேண்டும். இடுப்பு உயர மேடை கட்டி அதன்மேல் அடுப்பு. குனிந்து உட்கார முட்டி ஒத்துழைக்காத வயது என்பதும் ஒரு காரணம்.

புகைபோக்கிக்குக் கல்நார் சிமெண்டுக் குழாய் வேண்டாம். மலிவு என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். சூட்டில் விரிசல் விடும், கல்நார்த் தூள் நுரையீரலுக்கு இன்னொரு எமன். துத்தநாகப் பூச்சுள்ள குழாயையும் அடுப்பை ஒட்டிப் போடாதீர்கள், பூச்சு சூட்டில் கெடும். முதல் நாலு அடி கறுப்பு இரும்புக் குழாய், அதற்கு மேல் எவர்சில்வர். சின்ன அடுப்புக்கு நாலங்குலம் போதும், அண்டா அடுப்புக்கு ஆறு. நேராக மேலே போக வேண்டும். சுவரைக் குடைந்து கிடையாக வெளியே விடுவது புகைபோக்கி இல்லை, புகைத் துப்பாக்கி. கூரையின் மரச் சட்டங்களிலிருந்து ஒன்றரை அடி விலகியிருக்கட்டும். உச்சி, வீட்டின் உயரமான இடத்தைவிட இரண்டு மூன்று அடியாவது மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏரிக் காற்று கூரையில் மோதிக் கீழிறங்கும்போது புகையையும் குழாய்க்குள் திருப்பி அனுப்பும். மேலே ஒரு தொப்பி, மழைக்கும் காகத்துக்கும். அடியில் ஒரு சின்ன மூடி, கரியைத் தட்டி எடுக்க. இந்த மூடியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

வேலை முடிந்து முதல் முறை மூட்டியபோது அக்கா வந்திருந்தாள். வழக்கம்போல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் கொதித்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பொக எங்கடா போவுது?" என்றாள். மேலே காட்டினேன். எழுந்து கொட்டகைக்கு வெளியே போய்க் குழாயின் உச்சியையே ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோதானா? இது ஒரு கொழாயிதானடா?" அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

விறகு பற்றிச் சொல்லாமல் முடியாது. நம் செவ்வாப்பேட்டை வழியாகப் போகும் தண்டவாளம்தான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை, 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் போட்டது. அந்தக் காலத்து இஞ்சின்கள் விறகைத் தின்றன. அந்தப் பசிக்கும் சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்குமாகத்தான் 19ஆம் நூற்றாண்டில் கடலோரம் முழுக்கச் சவுக்கு நட்டார்கள். ஸ்ரீஹரிகோட்டாப் பக்கத்து விறகு பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்னை வந்தது. விறகுத்தொட்டியில் வரிசையில் நின்று சவுக்கு வாங்கியதும், காசு இல்லாத மாதம் மரத்தூள் அடுப்பின் நடுவில் பாட்டிலை நிறுத்திச் சுற்றித் தூளை இடித்து அடைத்ததும் உங்களில் பலருக்கும் ஞாபகம் இருக்கும். இன்றைக்கும் சவுக்குக்கு இணையில்லை. சீமைக்கருவேல், அதாவது நம் வேலிகாத்தான், அதற்கு அடுத்தபடி. 1870களில் கடப்பை பக்கம் விதை போட்டுக் கொண்டுவந்தது, ஏரியெல்லாம் தின்றுவிட்டது. எரிக்கட்டுமே என்று நினைப்பேன். ஆனால் ஏரிக்குள் நிற்பது அரசாங்க மரம், ஏலம் எடுத்தவர்தான் வெட்டலாம், நீங்களும் நானும் அரிவாளோடு இறங்கக்கூடாது.

காக்களூர், திருமழிசை தொழிற்பேட்டைகளிலிருந்து வரும் பேக்கிங் மரப்பலகை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கும்முன் அதில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எரிக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு மருந்தடித்தது, வேண்டாம். பெயின்ட் அடித்தது, பிளைவுட், அரளிக் குச்சி, இவை எதுவும் அடுப்புக்குள் போகக்கூடாது.

பச்சை விறகில் பாதி தண்ணீர். அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கிய பிறகுதான் உங்கள் தண்ணீருக்கு முறை வரும். ஏரிக்கரையில் விறகு லேசில் காயாது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கமெல்லாம் திறந்து விடுங்கள். ஒரு கட்டையில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்தது. இரண்டைத் தட்டினால் 'டக்' என்று கேட்கும், 'தொப்' என்று கேட்டால் திரும்ப அடுக்கில் வையுங்கள். விறகு அடுக்கு வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். ஏரிக்கரையில் கண்ணாடி விரியனுக்கு அதைவிட நல்ல குடியிருப்பு இல்லை. கம்பால் தட்டாமல் கையை விடாதீர்கள், இருட்டிய பிறகு விடவே விடாதீர்கள்.

காஸ் விலைக்கு விறகு மிச்சம் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று பாத்திரத்துக்குள் சேர்க்கும் சூட்டை, பழைய மண் அடுப்பில் சேர்க்க ஏறத்தாழ 200 கிலோ காய்ந்த விறகு வேண்டும். நல்ல அடுப்பில் 100 கிலோ. இதை உங்கள் ஊர் விறகுத்தொட்டி விலையால் பெருக்கிப் பாருங்கள். கொல்லையில் தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் விழுகிற வரைக்கும்தான் மிச்சம். வெந்நீருக்கு மட்டும் என்றால் மாடியில் சோலார் போடுவது நல்ல யோசனைதான். எனக்கும் இருக்கிறது. மாசியில் கை வைக்க முடியாத சூடு. கார்த்திகை அடைமழையில், எப்போது வேண்டுமோ அப்போது, பச்சைத் தண்ணீர்.

பிறகு ஏன் விறகடுப்பு என்று கேட்டால், 2016 டிசம்பர் 12 வர்தா புயல். கரண்டு நாள்கணக்கில் இல்லை, இண்டக்ஷன் அடுப்பை வைத்திருந்தவர்கள் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம். சிலிண்டர் வண்டி தெருவுக்குள் வர முடியவில்லை. எங்கள் கொட்டகை அடுப்பில் நாலு வீட்டுக்குக் கஞ்சி கொதித்தது. ஏரிக்கரையில் வீடு கட்டுகிறவன் வருடத்தில் ஒரு வாரமாவது தனித்தீவு ஆவான் என்று எதிர்பார்த்துத்தான் கட்ட வேண்டும். அந்த வாரத்துக்காகவும், பொங்கலுக்காகவும், மழைக்கால வெந்நீருக்காகவும் என்றால் நான் ஆதரவு. தினமும் மூன்று வேளை, 'கைமணம்' என்று சொல்லி மருமகளை உட்கார வைப்பதற்கு என்றால் எதிர்ப்பு. எங்கள் வீட்டில் மூட்டுவது நான், அணைப்பது நான், சாம்பல் அள்ளுவது நான். "கட்டுறீங்கன்னா கட்டுங்க, நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று என் மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாள். இன்றுவரை மீன் குழம்புக்குக் கூட்டு அரைத்துக் கொடுப்பதோடு சரி.

ஒன்று பாக்கி. புகைபோக்கி புகையை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அக்கா அண்ணாந்து பார்த்த புகை எங்கேயோ இறங்கத்தான் செய்யும். என் வீட்டுக்கு மேற்கே உள்ள வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு வீசிங். கட்டுவதற்கு முன்பே அவர்களிடம் போய்ச் சொன்னேன். "மூட்டுறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுங்க அங்கிள், துணிய எடுத்துக்கிறோம், ஜன்னல சாத்திக்கிறோம்" என்றார் அந்தப் பெண்ணின் தாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. என் வெந்நீருக்கு அவர்கள் ஏன் ஜன்னலைச் சாத்த வேண்டும்?

நேரத்தை மாற்றிக்கொண்டேன். மார்கழி, தை விடியற்காலையில் காற்று அசையாது, குளிர்ந்த காற்று மூடி போட்டதுபோல் புகையைக் கீழேயே அமுக்கும். 2018 போகியன்று காலையில் சென்னையில் விமானங்களை இறக்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பிவிட்டது அதனால்தான். அந்த நேரத்தில் என் வீட்டு அடுப்பு எரியாது. எட்டு மணிக்கு வெயில் ஏறி ஏரிப்பக்கமிருந்து காற்று கிளம்பிய பிறகு, குழந்தை ஸ்கூல் வேனில் ஏறியதும் மூட்டுவேன். கொழுந்துவிட்டு எரிய வேண்டும், புகைந்து கொண்டிருக்கக் கூடாது. முக்கால் மணியில் அண்டா கொதித்துவிடும். குளியல் ஒன்பது மணிக்கு. பிடிக்க வேண்டிய திருவள்ளூர் லோக்கல் எதுவும் எனக்கு இப்போது இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு குழாயின் அடி மூடியைத் திறந்து, நீளக் கம்பியில் தேங்காய் நார் சுற்றி மேலே ஏற்றி இறக்குவேன். ஒரு தகர டப்பா அளவுக்குக் கரி விழும். அந்தக் கரியை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு, லேசில் போகாது, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் இரண்டு நாள் நிற்கும்.